இருபத்தேழாம் ஆணி

8.2.2025, சனி. வெயில். மதியத்துக்கு மேல் காற்று.
தீவுக்குப் போனவர்கள்: 11. திரும்பியவர்கள்: 11.
செய்த வேலை: பீடத்தின் கீழ்ப்படியைப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் ஒரு பலகைக்கல். தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கீழே ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்குக் குழி. கருங்கல் சுவர், பூச்சு உதிர்ந்திருக்கிறது.
இன்றைய பிழை: குழிக்குள் ஒரு பித்தளை டோக்கன் கிடந்தது. எண் 27. கரையில் உள்ள போர்டில் 27-ஆம் ஆணி மட்டும் எப்போதும் காலி என்பது நினைவுக்கு வந்து, யாரையும் கேட்காமல் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். ஆணி மேல்நோக்கி வளைந்திருந்தது. குறடால் நேராக்கினேன். கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். சின்ன விஷயம்தான்.
நாளைய வேலை: குழியின் அளவுப்படம் வரைவது.

கட்டட மேற்பார்வை டிப்ளமாவின் மாலை வகுப்பில் இப்படித் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடிக் கூடத்தில் ஆறிலிருந்து எட்டு வரை நடக்கும் அந்த வகுப்பில் இருபது பேர். பிழை என்ற இடத்தில் பத்தொன்பது பேர் 'இல்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். லவினாவுக்கு மட்டும் அந்த இடம் எப்போதும் போதவில்லை. இருபத்துமூன்று வயதில் அவள் எதையும் இரண்டு முறை எண்ணுவாள். மூன்றாம் முறை எண்ணும்போது, முதல் இரண்டு முறையும் சரியாகத்தான் எண்ணினோமா என்று சந்தேகம் வரும்.

பேத்தமங்களாவைத் தாண்டியிருந்த சின்ன ஏரியின் நடுவே ஒரு பாறை மேடு, அதன்மேல் அடைக்கல மாதா கோயில். தங்கச் சுரங்கம் மூடி, பங்கு மக்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு தீவுக்குப் போவார் யாருமில்லை. கூரை விழுந்தது. ஆலங்கன்று சுவரைப் பிளந்தது. போன வருடம்தான் பங்குப் பேரவை கூடி, மார்ச்சில் வரும் மங்கள வார்த்தைத் திருநாளுக்கு அங்கே பூசை வைத்தே தீருவது என்று முடிவெடுத்தது. சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் வேனில் போய், நாகேஷின் படகில் தீவுக்குப் போய், கடுக்காய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துச் சுவர் பூசினார்கள்.

டோக்கன் போர்டு யோசனை சுரங்கத்துக்காரர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே வரக்கூடியது. சுரங்கத்தின் டைம் ஆபீசிலிருந்து கோயிலுக்கு வந்து கிடந்த பழைய பலகை; நாற்பது ஆணிகள், ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை. அதைப் படகுக் கொட்டகையில் மாட்டினார்கள். போகும்போது உன் எண்ணை எடுத்துப் பையில் போட்டுக்கொள். வந்ததும் மாட்டு. ஆணி காலி என்றால் ஆள் இன்னும் உள்ளே. அவன் வரும்வரை அன்று சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் கேஜின் கதவை மூட மாட்டார்கள். இன்று படகுக்குச் சங்கிலி போட மாட்டார்கள். போர்டைப் பார்த்துக்கொள்வது லவினாவின் வேலை.

ஜனவரியில் ஒருநாள் வினோலியா என்ற பெண் தன் ஒன்பதைப் பத்தொன்பதின் மேலேயே மாட்டிவிட்டு மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்பது காலி என்று லவினா எல்லாரையும் இருட்டும்வரை கரையில் நிறுத்தினாள். நாகேஷ் டார்ச்சோடு தீவை இரண்டு சுற்றுச் சுற்றினான். வினோலியா வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பேரவைச் செயலாளர் கொர்னேலியஸ் வேனில் ஏறும்போதெல்லாம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார்: "இன்னா டிப்ளமா, இன்னிக்கு எத்தினி பேர தொலைக்கப் போற?"

எல்லாரும் சிரிப்பார்கள். அவளுடைய அண்ணன் இவான் மட்டும், "உங்கள தொலைச்சா தேட மாட்டோம் அங்கிள்" என்பான். முப்பது வயது. பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, அவன், அவள். வாரம் முழுக்க ரயிலில் நின்று போய் நின்று வந்து, லீவு நாளிலும் தூங்காமல் தீவுக்கு வருகிறவன்.

பதினைந்தாம் தேதி காலையில் கொட்டகையின் பூட்டைத் திறந்தவள் லவினாதான். சாவி அவளிடம் மட்டுமே இருந்தது. உள்ளே வலைகளின் மீன்வாடை, தார் பூசிய பலகையின் சூடு, இவற்றுக்கு அடியில் இன்னொன்றும்: நனைந்த கல்லின் வாடை, அதில் வெடிமருந்தின் காரம். அப்பாவின் பழைய சுரங்கத் தொப்பியில் அந்த வாடை இருந்தது. அவர் போய்ப் பத்து வருடம் கழித்தும் இருந்தது. அவள் போர்டைப் பார்த்தாள். முப்பத்தொன்பது டோக்கன்கள். இருபத்தேழாம் ஆணி காலி. ஆணியிலிருந்து கீழே பலகையில் ஒரு ஈரக்கோடு, விரல் அகலத்துக்கு, தரைவரை.

மூன்று முறை எண்ணினாள்.

சோற்றுக் குண்டானோடு பின்னால் வந்து நின்றாள் பாப்பம்மா, வேலையாட்களுக்குச் சமைக்கிறவள். எழுபது வயது. குண்டானை இறக்காமலே போர்டைப் பார்த்தாள்.

"இந்த ஆணிய யார்டீ நேராக்குனது?"

"நான்தான் ஆண்டி. டோக்கன் கெடச்சிது, மாட்டுனேன். இப்ப காணோம்."

"எங்க கெடச்சிது?"

"பீடத்துக்கு அடியில. குழியில."

பாப்பம்மா குண்டானைக் கீழே வைத்தாள். "டிப்ளமா படிச்சா கேக்கக் கூடாதுன்னு கீதா? வளைச்சி வெச்சிருக்கான்னா எதுக்குன்னு தோணாதா? மாட்டிட்டியா? ஏறி வந்துட்டான்னு போர்டுல சொல்லிட்டியா?"

"யாரு ஆண்டி?"

"பேரு இன்னாத்துக்கு. சொரங்கத்துல பாறை வெடிச்சி கீழ் லெவல் மூடிக்கிச்சி. அவன் உள்ள இருந்து பைப்புல தட்டிகினே இருந்தான். மூணு தட்டு. நிறுத்துவான். மூணு தட்டு. அஞ்சு நாளு. மேல கீறவங்க எல்லாம் கேட்டுகினே இருந்தாங்க. எறங்குனா மத்தவனும் போயிடுவான்னு சுவரு வெச்சி மூடிட்டாங்க. தட்டிகினு இருக்கும்போதே மூடுனாங்க, தெரியுமா? ஒரு வருசம் பொறுத்து தொறந்தா டோக்கன் மட்டும் கீது. எலும்புகூட இல்ல. உன்ன மாதிரி ஒரு புத்திசாலி அத கொண்டாந்து போர்டுல மாட்டுனான்."

"அப்பறம்?"

"மறுநாளு பன்னெண்டு பேர் கீழ போனாங்க. பன்னெண்டு பேர் மேல வந்தாங்க. ஆனா ஒருத்தன அவன் பொண்டாட்டி ஊட்டுக்குள்ள சேக்கல. இவன் என் ஆளு இல்லன்னா. எல்லாரும் அவளத்தான் பைத்தியம்னாங்க." பாப்பம்மா குண்டானைத் தூக்கிக்கொண்டாள். "அப்பறம்தான் அந்த டோக்கன சுத்தி தண்ணி கீற எடமா பாத்து வெச்சாங்க. நீ படகுல இட்டாந்துட்ட. இந்தப் போர்டு கீற எடத்துல நான் சோறு வடிக்க மாட்டேன், போ."

அவள் போய்விட்டாள். அன்று மதியம் எல்லாரும் பன்னும் வாழைப்பழமும் தின்றார்கள். அதற்கும் லவினாதான் பேச்சு வாங்கினாள். மாலையில் பத்துப் பேர் திரும்பி வந்து டோக்கன் மாட்டினார்கள். மாட்டி முடித்தபோது இருபத்தேழும் ஆணியில் தொங்கியது. யார் மாட்டினார்கள் என்று கேட்டாள். யாருமில்லை. வில்லையின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி, அடுத்த சொட்டு திரண்டது.

"அங்கிள், அத திரும்ப குழியிலயே வெச்சிடலாம்" என்றாள் கொர்னேலியஸிடம்.

"வெச்சிட்டு? மந்திரிச்சி தாயத்தும் கட்டலாமா? கோயில் வேலம்மா இது. ஃபாதர் காதுல வுழுந்தா சிரிப்பாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒனக்குத்தான் எண்ண வராதுன்னு ஊருக்கே தெரியும். காலைல சரியா பாத்திருக்க மாட்ட."

அன்று பிழை என்ற இடத்தில் அவள் எழுதினாள்: 27 காலையில் இல்லை, மாலையில் இருந்தது. காலையில் நான் சரியாகப் பார்க்கவில்லையோ. கொஞ்சம் யோசித்துக் கடைசி எழுத்தை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதினாள்.

அந்த வாரம் முழுக்க ஒரு முடிவோடு இருந்தாள்: சனிக்கிழமை முதல் ஆளாகப் போய், இருபத்தேழை எடுத்துப் போய்க் குழியில் போட்டுவிடுவது. யாருக்கும் சொல்ல வேண்டாம். ஆனால் இருபத்திரண்டாம் தேதி காலையில் கொட்டகையைத் திறந்தபோது ஆணி காலியாக இருந்தது. ஈரக்கோடு இம்முறை தரையோடு நிற்கவில்லை. தரையில் சற்றுதூரம் ஓடி, கதவின் கீழே புகுந்து, படகுத்துறைப் படிகளில் இறங்கி, ஏரியில் கலந்திருந்தது.

மாலை நாலரைக்குக் கடைசி நடையில் அவளும் படகில் போனாள். தீவிலிருப்பவர்களை அழைத்துவருவதற்கான நடை. வெயில் இன்னும் இருந்தது. ஆனால் கோயிலுக்குள் அது நுழையாமல் வாசலிலேயே நின்றுவிட்டது போலிருந்தது. புதிதாய்ப் போட்ட தகரத்துக்குக் கீழே வௌவால் எச்சத்தின் நாற்றமும், சுண்ணாம்பின் குளிர்ச்சியும், சுவரை நனைத்த தண்ணீர் கல்லிடுக்கில் வடிகிற சத்தமும் மட்டும். வருடக்கணக்காக யாரும் முழந்தாளிடாத தரை அது. அதன்மேல் நடக்கும்போது, வந்திருக்க வேண்டாம் என்று யாரோ சொல்லாமல் சொல்வது போலக் காலடிச் சத்தம் திரும்பி வந்தது. பீடத்தருகே பலகைக்கல் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குழிக்குள்ளிருந்து கரணையின் உரசல் கேட்டது.

"அண்ணா, டைம் ஆயிடுச்சி."

"ஒரு கை பூச்சு கீது லவி. உள்ள வந்து பாரேன், ஏசி போட்ட மாதிரி ஜில்லுனு கீது."

"எனக்கு வேணாம். டோக்கன் கீதா?"

"கீது தாயே!" குழிக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. லிஃப்ட் கதவில் மாட்டிக் கறுத்துப்போன கட்டைவிரல் நகம்; அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வில்லை. பதினாலு. "பாத்துக்க. எழுதிக்க. கையெழுத்து வேணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். வெளியே வந்து மற்றவர்களோடு சேர்ந்து பாண்டுச் சட்டிகளையும் வாளிகளையும் எண்ணிப் படகில் ஏற்றினாள். பாண்டு ஏழு. வாளி ஐந்து. அப்போது உள்ளே கல்லின்மேல் கல் இழுபடும் சத்தம். நீளமாக. நிதானமாக, ஒருமுறைகூட மூச்சு வாங்க நிற்காமல். பிறகு ஒரு 'தொப்'. கால்களுக்குக் கீழே பாறை லேசாக அதிர்ந்தது.

இவான் வாசலில் வந்து நின்றான். தலைமுடி, இமை, உதடு, எல்லாம் வெள்ளை. சுண்ணாம்புச் சட்டிக்குள் முக்கி எடுத்த மாதிரி.

"கல்ல மூடிட்டியா? அதுக்கு மூணு பேர் வேணுமே."

"மூடியாச்சி."

அவ்வளவுதான் சொன்னான். பல நாள் பேசாதவன் பேசுவதுபோலத் தொண்டையில் கல் உருண்டது. அவன் ஏறியதும் படகு ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் விளிம்பைத் தொட்டது. நாகேஷ் துடுப்பை ஊன்றிக்கொண்டு திட்டினான்: "இன்னா சார் இது, கல்லு ஏத்துன மாதிரி! ஸ்வல்ப நடுவுல குந்துங்க." இவான் நடுவில் குந்தினான். பலகையில் உட்காரவில்லை. முதுகை வளைத்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, தலைக்குமேல் ஏதோ தாழ்வாக இருப்பதுபோலக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

பாதி ஏரியில் நாகேஷின் துடுப்பு நின்றது.

தண்ணீரின்மேல் ஒரு சத்தம் வந்தது. டொக். டொக். டொக். பிறகு ஒன்றுமில்லை. ஒரு மீன் துள்ளியது. பிறகு மறுபடி டொக். டொக். டொக்.

"தீவுல யாரோ தட்டறாங்க சார்" என்றான் நாகேஷ்.

"தகரம் ஆடுது. துடுப்பப் போடுப்பா" என்றார் கொர்னேலியஸ்.

காற்று இல்லை. லவினா இவானைப் பார்த்தாள். எல்லாரும் தீவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை.

கரையில் வரிசையாக வந்து மாட்டினார்கள். மூன்று. ஏழு. எட்டு. ஒன்பது, வினோலியா இம்முறை சரியான ஆணியில். லவினா ஒவ்வொன்றாக நோட்டில் குறித்தாள். கடைசியாக இவான். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது பித்தளை ஆணியில் இடிக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள்.

பதினாலு காலி. இருபத்தேழு தொங்கியது. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஈரமாக.

"அண்ணா, நீ எத மாட்டுன?"

"மாட்டியாச்சி."

"பதினாலு எங்க?"

அவன் வேனைப் பார்த்து நடந்தான். லவினா கொர்னேலியஸிடம் ஓடினாள். "அங்கிள், பதினாலு வரல. சங்கிலி போடக் கூடாது."

"பதினாலு யாரு?"

"எங்க அண்ணன்."

"ஒங்க அண்ணன் எங்க?"

அவள் கையைக் காட்டினாள். வேனருகே வெள்ளையாக நின்றிருந்தான்.

"அப்பறம் இன்னா? பில்லைய தண்ணில போட்டுட்டான். புதுசா வெட்டிக்கலாம்." கொர்னேலியஸ் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "போன தபா ஆள் இல்லாம தேட வெச்சா. இந்த தபா ஆள் நிக்கும்போதே தேடச் சொல்றா."

சிரிப்பு. யாரோ, "வுடுமா, ஊட்டுக்குப் போவணும், புள்ளைங்க கீது" என்றார்கள். சலிப்பான குரல். பத்து முகங்கள் அவளைப் பார்த்தன, ஒன்றில்கூட இரக்கமில்லை. லவினாவுக்குத் தன் எண்ணிக்கைமேல் எப்போதும் இல்லாத நம்பிக்கை அந்த நேரத்தில் மட்டும் எங்கிருந்து வரும்? போர்டு ஒன்று சொன்னது. கண் ஒன்று சொன்னது. பேனா தானாக எழுதியது: 14, தொலைந்தது.

சங்கிலி போட்டார்கள். சாவி கொர்னேலியஸின் பையில் விழுந்தது.

ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில் பழைய சுரங்க லைன் வீடு. வாசலுக்கு வந்த அம்மா ஞானசுந்தரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "இன்னாடா இது கோலம்! வா, சுடுதண்ணி கீது."

பின்கட்டில் அம்மா மொண்டு மொண்டு ஊற்றினாள். வேலைக்குப் போன நாளிலிருந்து அம்மாவைக் கிட்ட விடாத மகன், பேசாமல் குந்தித் தலையைக் காட்டினான். அம்மாவின் குரலில் சந்தோஷம் வழிந்தது. "சின்னப் புள்ளையில இப்டி குந்துவான் லவி." தண்ணீர் தெளிவாகவே ஓடியது. ஒரு வாளி. இரண்டு வாளி. வெள்ளை போகவில்லை. "சுண்ணாம்பு தோல்ல புடிச்சிகிச்சி பாரு" என்றாள் அம்மா, தேய்த்துக்கொண்டே.

லவினா உள்ளறைக்குப் போய் இவானின் எண்ணை அழைத்தாள். கன்னடத்தில் ஒரு பெண்குரல், நீங்கள் அழைக்கும் எண் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றது. மறுபடி அழைத்தாள். எல்லைக்கு வெளியே. சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம்.

"ஃபோனு இன்னாச்சின்னு கேளும்மா" என்றாள், அறையிலிருந்தே.

"தண்ணில வுழுந்துடுச்சாம்" என்று அம்மாவின் குரல் வந்தது. "அவன் லைட்ட அணைக்கச் சொல்றான், கண்ணு கூசுதாம். நீயும் வா, சாப்டு."

லவினா கதவோரம் நின்று பார்த்தாள். அடுப்பின் நீலச்சுடர் மட்டும். அவன் சுவரோரம் குந்தித் தின்றுகொண்டிருந்தான். மெல்லவில்லை. சோறு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அம்மா குண்டானைச் சுரண்டிப் போட்டாள். "பசிடீ, பாவம். எத்தினி நாளாச்சி, இவன் இப்டி தின்னு." அவன் கை தட்டிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து தட்டுக்கு. லவினா அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் கறுத்த நகத்தைத் தேடினாள்.

நகம் இல்லை.

எந்த விரலிலும் இல்லை. விரல்நுனிகள் தட்டையாக, கல்லில் வைத்துத் தேய்த்ததுபோல, முதல் கணுவரை தேய்ந்திருந்தன.

உள்ளறைக்குப் போனாள். நடந்துதான் போனாள். கொர்னேலியஸை அழைத்தாள்.

"அங்கிள், படகுச் சாவி வேணும். இப்பவே. அண்ணன் தீவுல கீறான்."

"ஒங்க அண்ணன் ஊட்ல இல்லியா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "ஊட்ல ஒருத்தன் கீறான்."

"ஒங்கம்மாகிட்ட சொல்லி நாளைக்கி டாக்டர்கிட்ட இட்டுனு போகச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

நாகேஷை அழைத்தாள். இரண்டாம் ரிங்கிலேயே எடுத்தான். அவன் வீடு ஏரிக்கரையில். அவள் பேசுமுன் அவனே பேசினான். "அக்கா, நிக்கவே இல்ல. நான் கதவ சாத்திட்டேன், அப்பவும் கேக்குது. மூணு மூணா."

"சங்கிலிய ஒடைச்சிடலாம் நாகேஷ். நான் வர்றேன்."

"பேடாக்கா. இருட்டுல எறக்க மாட்டேன். எனக்கும் பொண்டாட்டி கீது. காலைல ஆறு மணி, வெளிச்சம் வந்தப்பறம், நானே சங்கிலிய அறுக்கறேன். அதுக்கு முன்னாடி கெடையாது." அவன் மூச்சு கேட்டது. "அவரு தட்டிகினே இருந்தா உயிரோட கீறாருன்னுதானே அர்த்தம்? இருப்பாரு."

மணி எட்டு ஐந்து. ஆறு மணிக்கு இன்னும் ஏறக்குறைய பத்து மணி நேரம். ஐந்து நாள் தட்டினான் என்றாள் பாப்பம்மா. குழியின் அளவு அவளுக்குத் தெரியும்; அவளே வரைந்தது. நீளம் மூன்றரை அடி. அகலம் மூன்று. ஆழம் நாலு. அதில் எவ்வளவு காற்று? கணக்குப் போட்டாள். அடித்தாள். மறுபடி போட்டாள்.

அப்போது தரையிலிருந்து தட்டல் கேட்டது.

இங்கே. இந்த வீட்டில். சமையலறைத் தரையில், சிமெண்டுக்குக் கீழே. இந்த ஊருக்கு அடியில் முழுக்கச் சுரங்கப் பொந்து. அடியில் பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும் என்று அம்மா சொல்வாள். இது வெடிப்பு இல்லை.

டொக். டொக். டொக்.

"இன்னா அது?" என்றாள் அம்மா.

லவினா ஓடினாள். கதவில் நின்றாள்.

அடுப்பின் நீலம். சுவரோரம் அவன். தின்பதை நிறுத்தியிருந்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான். டொக். டொக். மூன்றாவது கொஞ்சம் தாமதித்து வந்தது, களைத்த கை தட்டுவதுபோல. டொக்.

அவன் வெள்ளை முகத்தில் ஏதோ விரிந்தது. எழுந்தான். தட்டலுக்கு நேர் மேலே வந்து நின்றான். வலது காலைத் தூக்கி, அந்த இடத்தில் வைத்தான்.

மெதுவாக அழுத்தினான்.

தட்டல் நின்றது.

"எலிதான் இருக்கும்" என்றாள் அம்மா. துண்டால் அவன் ஈரத் தலையைத் துவட்டினாள். அவன் குனிந்து காட்டினான். காலை எடுக்கவில்லை. லவினாவைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

22.2.2025, சனி. வெயில். காற்று இல்லை.
தீவுக்குப் போனவர்கள்: 11. திரும்பியவர்கள்: ~~11~~ 10.
செய்த வேலை: குழியின் உட்பூச்சு, முடிந்தது. பலகைக்கல் மூடியிருக்கிறது.
இன்றைய பிழை: போர்டு சரியாகச் சொன்னது. நான் 'தொலைந்தது' என்று எழுதினேன்.
நாளைய வேலை: காலை ஆறு மணி, முதல் படகு. 14-ஐ மேலே எடுப்பது. கல் தூக்க மூன்று பேர்: நான், நாகேஷ், இன்னொருவர் தேட வேண்டும். கடப்பாரை இரண்டு, கயிறு, டார்ச், குடிக்கத் தண்ணீர். அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும். வீட்டில் விடக் கூடாது.